லீவு கேட்கக் கூடாத வாட்டு

தாதித் தொழிலில் இரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவள் ஒரு மாதத்தில் தேறிவிடுவாள். சீனியரைக் கண்டு பயப்படுகிறவளுக்குத்தான் வருடக்கணக்காகும். புதிதாய் வேலைக்குப் போய் ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கதிரை

யுத்த காலத்தில், வெருகலிலிருந்து வந்து திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாய்ச் சேர்ந்தேன். நோயாளர் படுக்கிற வாட்டில் கதிரைகள் சும்மா கிடந்தாலும் புதுப்பிள்ளை உட்காரக் கூடாது. எழுதிவைக்காத சட்டம், ஆனால் எழுதிவைத்ததைவிடக் கடுமை. நின்றபடியே சாப்பிட்டேன், நின்றபடியே எழுதினேன். காலில் காயத்தோடு படுத்திருந்த, சல்லி ஊர் மீன்காரர் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் மருந்து கட்டப் போனபோது மெல்ல நகர்ந்து இடம் விட்டார்.

"மிஸி, உங்கட ஆக்கள் கதிரை தராட்டி இந்தக் கட்டிலிலை இருங்கோ. நான் ஒதுங்கிப் படுக்கிறன்."

சந்தேகம்

சீனியர் புஷ்பம் அக்காவிடம் முதல்முறை சந்தேகம் கேட்டபோது, நோயாளர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "படிச்சு வந்தனியோ, பாத்தெழுதி வந்தனியோ?" என்றார். தனியாய்க் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். அதற்குப் பிறகு எனக்கு வாயே எழும்பவில்லை.

ஒரு காலை, டொக்டர் எழுதிய மருந்தின் அளவு விளங்கவில்லை. கேட்கப் பயம், போடவும் பயம். ஊசியோடு நின்ற என் கையைப் பிடித்து இழுத்தாள், என்னோடு சேர்ந்த கிண்ணியாப் பிள்ளை றஹ்மத்.

"கேட்டா ஏச்சு, கேக்காட்டி ஆள் முடிஞ்சிரும். வாடி, ஏச்சையே வாங்குவம்."

லோஞ்சு

லீவை முதலில் சீனியர்கள் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சினால் எங்களுக்கு, மிஞ்சுவதில்லை. மூதூருக்கு அப்பால் எங்கள் ஊருக்குப் போகிற பாதை யுத்தத்தில் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மாவைப் பார்க்க ஏங்கிக் கிடந்தேன். பாதை திறந்திருக்கிறது, அம்மாவுக்குச் சுகமில்லை, உன்னைத்தான் கேட்கிறா என்று ஊர்ச்சனம் வந்து சொன்ன அன்று, துணி அறைக்குள் நின்று அழுதேன். புஷ்பம் அக்கா கண்டுவிட்டார். ஏச்சுக்குத் தயாரானேன். "நாளைக்கு உன்ர டியூட்டியை நான் பாக்கிறன், போ" என்றார்.

போனேன். மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகு ஓடவில்லை, பாதை மறுபடி மூடியாயிற்று. மத்தியானம்வரை இறங்குதுறையில் நின்று அக்கரையைப் பார்த்துவிட்டு, பையோடு வாட்டுக்கே திரும்பினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பையை வாங்கி ஓரமாய் வைத்தார்.

"நான் புதுப்பிள்ளையா இருந்த நேரம் என்னையும் ஒருத்தரும் விடேல்லை, பிள்ளை. என்ர அம்மா செத்தும் முகத்தைப் பாக்காமலே போச்சு. இனிப் பாதை திறந்தா லீவுக்கு உன்ர பேர்தான் முதல்."

அன்றிலிருந்து எங்கள் வாட்டில் லீவு கேட்ட புதுப்பிள்ளைக்கு ஏச்சு விழவில்லை, முதல் பேரும் எனக்குத்தான். பாதை திறக்கும்வரை காத்திருக்க அம்மாவின் ஆயுள்தான் போதவில்லை.