அம்மா இருந்த ராச்சியம்

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் வெளிநாட்டில் இருந்தார்கள். குவைத், கட்டார், சவூதி எல்லாம் எங்களுக்குப் பக்கத்து ஊர்களான கரடியனாறு, ஓட்டமாவடி போலப் பழகிய பெயர்கள். என் அம்மா மட்டும் லெசோதோவில் இருந்தார். வகுப்பு ரீச்சர் அதை லெபனான் என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தப் போனபோது, "அப்பிடி ஒரு நாடு இல்ல கிளி, வடிவாக் கேட்டுப்போட்டு வா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் உலகத்திலேயே இல்லாத ஒரு நாட்டுக்கு அம்மா போய்விட்டார் என்று நான் அன்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு அப்பா எங்கேயோ ஒரு உலகப் படப் புத்தகம் வாங்கி வந்து காட்டினார். ஆபிரிக்காவின் அடியில், இன்னொரு நாட்டின் வயிற்றுக்குள் அது கிடந்தது. என் சுண்டுவிரலை வைத்தால் முழு நாடும் மறைந்துபோகும்.

அங்கே ஒரு ராசா இருக்கிறார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். எங்கு பார்த்தாலும் மலை. சில மாதங்களில் பனி கொட்டும். கடல் இல்லை. வாவியில் வலை வீசிப் பிழைத்த அப்பாவுக்குக் கடல் இல்லாத ராச்சியம் பிடிபடவே இல்லை.

"மறுகா சனம் என்னத்தத் தின்னுற?" என்று கேட்டார்.

"சோளமாவுக் களியும் கீரையும்தான். மீனக் கண்டு எத்தின மாசம்."

அம்மா கல்யாணத்துக்கு முன்னர் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தையல் வரிசையை மேற்பார்க்க அனுபவமுள்ளவர்கள் வேண்டுமென்று அந்த நாட்டிலிருந்து ஆள் எடுத்தபோது போனார். யுத்தம் முடிந்திருந்த காலம். எங்கள் வீட்டுக்கு அப்போது கூரைதான் இருந்தது, சுவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவின் அழைப்பு வரும். சிக்னலுக்காக நானும் அப்பாவும் தோணித்துறைக்குப் போய் நிற்போம். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் பெரிய கடைகளையும் தங்க நகைகளையும் பற்றிப் பேசுவார்களாம். என் அம்மா சொன்ன கதைகள் வேறு. விடியுமுன்பே தொழிற்சாலை வாசலில் பெண்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். முதுகில் கம்பளியால் கட்டிய குழந்தை இருக்கும். இன்றைக்காவது உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்த்து நிற்பார்கள். ஆண்கள் பக்கத்து நாட்டுச் சுரங்கங்களுக்குத் தங்கம் தோண்டப் போய்விட்டார்கள். திரும்பி வருகிறவர்கள் தங்கத்தோடு வருவதில்லை, இருமலோடு வருகிறார்கள். ராசா இருக்கிற நாட்டில் இப்படியும் நடக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கதைகளுக்குள்தான் பலேசா வந்தாள்.

அம்மா வாடகைக்கு இருந்தது நீளமாகக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்று. பக்கத்து அறையில் அம்மாவின் வரிசையிலேயே தைக்கிற ஒரு பெண் இருந்தாள். அவளுடைய மகள்தான் பலேசா. தகப்பன் சுரங்கத்துக்குப் போய் நெஞ்சு பழுதாகிச் செத்துப்போனவன். "உன்ட வயசுதான் மகள். பெயருக்குப் பூவெண்டு அர்த்தமாம்" என்றார் அம்மா. முதலில் எனக்கு அவளைப் பிடித்தது. அவள் பனியில் விழுந்த கதையை அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒரு ஞாயிறு அம்மா தொலைபேசியை அவள் காதில் வைத்தார்.

"டுமேலா" என்று அவர்கள் பாஷையில் ஒரு குரல் வணக்கம் சொன்னது.

நான் "ஓம்" என்றேன். இரண்டு பேரும் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அவள் திரும்பி, "ம்மே" என்று கூப்பிட்டாள். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அம்மா மறுபடி பேசியபோது அது என்னவென்று கேட்டேன்.

"அம்மா எண்டு கூப்பிடுறா. இஞ்ச பெரிய பொம்புளயள் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுற."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பலேசாவின் தாய்க்குத் தீராத ஒரு நோய் இருந்தது. அது என்ன வருத்தம் என்று அம்மா அப்பாவிடம் மட்டும் சொன்னார். அப்பா அம்மாவின் அக்காவான பெரியம்மாவிடம் மட்டும் சொன்னார். பெரியம்மாவிடம் சொன்னதால் எங்கள் வளவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அந்த வருத்தமாம். மருந்துக் குளிசை சும்மா கொடுக்கிறார்களாம். ஆனால் அதை வாங்க ஒரு பகல் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும், அன்றைக்குச் சம்பளம் வெட்டுவார்கள். அதனால் அந்தப் பெண் சில மாதம் போகாமலே விட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அது தெரிய வந்தபோது பிந்திவிட்டது.

அம்மா வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு வருவதாக இருந்தது. விமானச் சீட்டும் சொல்லியாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். லெபனான் ரீச்சருக்கும் சொன்னேன். அம்மா வர இருந்த மாதம் பலேசாவின் தாய் இறந்துபோனாள்.

அந்த ஞாயிறு அம்மா பிந்தித்தான் அழைத்தார். "சொந்தக்காரர் மலைக்கு மேல இரிக்காங்க. இன்னும் வந்து சேரல்ல. புள்ள தனிய இரிக்கு. கொஞ்சம் சுணங்கும்" என்றார்.

அப்பா, "சரி. பாத்து வா" என்றார். அவ்வளவுதான்.

அன்று எங்களோடு தோணித்துறைக்கு வந்திருந்த பெரியம்மா அப்படி விடவில்லை. தொலைபேசியை அப்பாவின் கையிலிருந்து பறித்தார். "ஊராண்ட புள்ளய வளக்கவா நீ வெளிநாடு போன? இஞ்ச உன்ட புள்ள வாசலப் பாத்துப் பாத்துக் கிடக்கு. அந்த வருத்தம் ஒட்டினா என்ன செய்யிற?"

"ஒட்டாது கா. கட்டிப் பிடிச்சாலும் ஒட்டாது" என்று அம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

அப்படியானால் அம்மா அவளைக் கட்டிப் பிடித்திருக்கிறார். எனக்கு அதுதான் விளங்கியது.

சடங்கின் கடைசி நாளான திருக்குளிர்த்தி அன்று கோயிலில் எல்லோரும் குரவையிட்டபோது நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னோடு படிக்கிற ஒருத்தியின் தாய் குவைத்திலிருந்து வந்திருந்தார். அவர் மகளின் தலையைத் தடவித் தடவிப் பேன் பார்ப்பதுபோல ஏதோ செய்துகொண்டிருந்தார். சடங்கு முடியும்வரை நான் அந்தக் கையையே பார்த்தேன். கண்ணகித் தாயிடம் நான் அன்று வேண்டிக்கொண்டது பலேசாவின் சொந்தக்காரர்கள் கெதியாக மலையிறங்க வேண்டும் என்பதைத்தான். அவளுக்காக வேண்டிக்கொண்ட நல்ல பிள்ளை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அம்மா வந்தது மாரிக்கு முந்திய புழுக்கத்தில். ஊர் முழுக்க விசிறியோடு திரிந்த நாளில், கழுதைப் பாரமான ஒரு கம்பளியைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். பலேசாவின் சித்தி மலையிலிருந்து வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபோது, நன்றிக்காக அம்மாவின் தோளில் போர்த்திவிட்டதாம். பெரியம்மா அதை இரண்டு விரலால் தூக்கிக் கிடாரத்தில் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அவித்தார். அது வேலியில் கிடந்து நாள்கணக்கில் காயாமல் செம்மறி மணம் மணத்தது. தெருநாய்கள் வந்து மோந்துவிட்டுப் போயின.

நான் அம்மாவிடம் உடனே போகவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் மிகவும் மெலிந்திருந்தார். என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். பிறகு தலையிலிருந்து காலுக்கு வந்தார். "இவ்வளவு வளந்திட்டியா" என்று மட்டும் கேட்டார்.

பெட்டியைத் திறந்து ஒரு சட்டை எடுத்தார். நீல நிறம். கழுத்தில் வெள்ளை வேலைப்பாடு. வேலை முடிந்து வந்து அவரே தைத்தது. ஆசையாகத் தலைக்குள் போட்டேன். தோள் லேசில் இறங்கவில்லை. இடுப்பு இறுக்கியது. சட்டைக் கையோ விரல் நுனிவரை வந்தது.

"இது ஆருக்கு நீ தைச்ச?" என்று பெரியம்மா கேட்டார்.

அம்மா என் முன்னால் முழங்காலிட்டு தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். "அவளுக்கு அளவா இரிந்திச்சே" என்றார்.

நான் அம்மாவின் கையை விலக்கினேன். "அப்ப இது அவளுக்குத் தைச்சதா?"

"இல்ல கிளி. உனக்குத்தான். உன்ட அளவு எனக்கு எப்பிடித் தெரியும்? தாய் செத்து அவ என்னோட இரிந்தப்ப, ஒரே வயசுதானே எண்டு அவள நிக்க வெச்சி அளவெடுத்தன். தைச்சி முடிஞ்சாப்பிறகு போட்டுப் பாக்கச் சொன்னன்."

"அவ கேக்கல்லையா, தனக்கு எண்டு?"

"இல்ல. உனக்கெண்டு முதலே சொன்னன். கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு நிண்டாள். மறுகா கழட்டி மடிச்சித் தந்தாள்."

"அவளுக்கு?"

"துணி ஒரு சட்டைக்குத்தான் காணுமா இரிந்திச்சி. அவளுக்குச் சப்பாத்து வாங்கிக் குடுத்தன், குளிருக்கு."

அம்மா எழுந்து குசினிப் பக்கம் போனார். நெடுநேரம் வரவில்லை. தைத்தது பிழைத்துப்போன கவலை என்று நினைத்தேன். எனக்கு ஒரு கவலையும் இல்லை. சட்டை எனக்குத்தான் தைத்தது என்று தெரிந்துவிட்டது, அது போதும். மூச்சு முட்ட அதைப் போட்டுக்கொண்டு வளவு முழுக்க ஓடினேன். பக்கத்து வீட்டுக்கும் போய்க் காட்டினேன். தாய் செத்துச் சில நாளே ஆன ஒரு பிள்ளை, இன்னொரு பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள் என்பதைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்துவிட்டு, சுருக்கம் விழாமல் மடித்துக் கொடுத்திருக்கிறாள். அது எனக்கு அன்று தெரியவில்லை.