திருவிருந்துக்கு எழாத அண்ணன்

மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்கும். உள்ளே ஒரு கிலோ பன்னீர் திராட்சை, இலை வாடாமல் இருக்கும். பையை மாட்டிவிட்டு அண்ணன் வெளியிலேயே நிற்பார், கூப்பிட்டால்தான் உள்ளே வருவார். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வந்து இதே கேட்டை உதைத்துத் திறந்தவர். குடிகார அண்ணனைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. திருந்திய அண்ணனை என்ன செய்வது என்றுதான் ஐந்து வருடமாகத் தெரியாமல் இருந்தது.

அவர் வருவது மன்னிப்புக் கேட்க. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடிய நாளில், காலை பத்து மணிக்கு ஜீப்போடு வந்து தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று போனில் சொன்னார். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லியும் அம்மா விடவில்லை. "பெரியவன் வந்துரட்டும்" என்று எங்கள் மார்க்கையன்கோட்டை வீட்டின் முன்னறையில் சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தார். அண்ணன் போடியில் ஜீப்பின் பின்சீட்டில் போதையில் கிடந்தார். கடைசியில் ஆட்டோ வைத்துத்தான் கிளம்பினோம். வீரபாண்டி தாண்டியதும் என் தோளில் அம்மாவின் உயிர் போயிற்று.

மறு வருடம் மெட்டு ஏறும் மலை ரோட்டில் அந்த ஜீப் கவிழ்ந்தது. நல்லவேளை, வண்டியில் வேறு யாரும் இல்லை. அண்ணனுக்கு இடது கால் முட்டி மடங்காமல் போய்விட்டது. ஆறு மாதம் படுத்தே கிடந்தவரைப் பார்க்க எங்கள் சபையின் ஜெபக்குழுப் பெண்கள் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், ஒரு வேதாகமத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவர்தான், கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுப்பதைத் தவிர அதனால் ஒன்றும் நடந்ததில்லை. படுக்கையிலிருந்து எழுந்தவரோ வேறு ஆள். குடி போயிற்று. கெட்ட வார்த்தை போயிற்று. காபி கொடுத்தால்கூட ஸ்தோத்திரம் சொல்கிறார்.

இதோடு விட்டிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். மாதத்தின் முதல் ஞாயிறு பீடத்தில் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. அதற்கு முந்திய வாரம், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் அறிவிப்பார். எல்லா மாதமும் சொல்வதுதான். கேட்டுக்கொண்டே பாட்டுப் புத்தகத்தை மூடுவோம். எங்கள் சபையில் அதை அப்படியே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் என் அண்ணன். தங்கச்சி மன்னிக்காமல் அப்பத்தைத் தொடமாட்டேன் என்று முடிவுசெய்துவிட்டார்.

"மன்னிச்சுட்டேன்ணே, போதுமா?" என்பேன், அடுப்பைப் பார்த்தபடி.

"வாயாலதான சொல்ற, ஆத்தா."

"பின்ன வேற எதால சொல்ல?"

காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் எங்கள் சின்னமனூர் சபைக் கோயிலில் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், நடைபாதை ஓரமாக, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அந்தக் காலைத் தாண்டித்தான் வரிசை முழுக்கப் பீடத்துக்குப் போகவேண்டும். போகிறவர்கள் அவரை ஒரு பார்வை, பெண்கள் பக்கம் என்னை ஒரு பார்வை. "தங்கச்சிக்கு இன்னும் மனசு எறங்கலையாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மாவைக் காக்கவைத்தவர் அவர், கல்நெஞ்சுக்காரி நான். போதகரும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், ஏழாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்த என்னை வெளியே கூப்பிட்டு அன்பைப் பற்றிப் பேச. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அது வெடித்தது. வழக்கம்போல அவர் கேட்டார். நான் கரண்டியைக் கீழே போட்டேன்.

"மன்னிக்கலண்ணே. மன்னிக்கணும்னு தோணவும் இல்ல. ஆட்டோவுல அம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா? பெரியவன் வந்துட்டானான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. அண்ணே பின்னாடியே ஜீப்புல வந்துக்கிட்டிருக்காகன்னு சொன்னேன். சாகப்போற அம்மாகிட்ட என்னையப் பொய் சொல்ல வச்சீகளே!"

இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜெபம் பண்ணவில்லை, வசனம் சொல்லவில்லை. செருப்பைக்கூடப் போடாமல், மடங்காத காலை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். பின்னால் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஆராதனையில் என் வரிசையின் முறை வந்தது. எல்லோரும் எழுந்தார்கள், என்னால் எழ முடியவில்லை. மன்னிக்கவில்லை என்று முந்தினநாள்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். இத்தனை வருடம் அந்த மனசோடுதானே மாதம் தவறாமல் போய் முழங்காலிட்டேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன், "போ, போ" என்று கை காட்டினார். நான் முறைத்தேன். மனிதர் சும்மா இருப்பாரா? காலை இழுத்துக்கொண்டு, சபை முழுக்கப் பார்க்க, பெண்கள் பக்கம் வந்து என் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ மடங்காத காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டார். பிறகு குனிந்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"நான் வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னியே ஆத்தா… அம்மா நம்புச்சா?"

நேற்றிலிருந்து இவர் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ராத்திரி தூங்கியிருக்கமாட்டார்.

"நம்புச்சுண்ணே," என்றேன். "சரின்னு தலையாட்டிட்டுத்தான் கண்ண மூடுச்சு."

அது உண்மை. அவருக்காகச் சேர்த்துச் சொன்னதில்லை. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன். மன்னிப்பு என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. கடைசி வரிசையும் திரும்பி வந்துகொண்டிருந்தது. போதகர் பாத்திரத்தை மூடாமல் எங்களைப் பார்த்தபடி நின்றார். நான் எழுந்து அண்ணனுக்குக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார், ஆனால் அழுகையில் கால் ஊன்றவில்லை.

"எந்திரிங்கண்ணே, ஐயா எம்புட்டு நேரம் நிப்பாக?" என்று எரிந்து விழுந்தேன்.