பேண்டேஜ் பெட்டியில் ஒரு முகம்

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு பெரியவர் வந்து, காலி அட்டைப்பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார். அதில் அச்சடித்திருந்த பெண்ணின் முகத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார்.

கேட்டது என்னிடம் இல்லை, கிரேஸிடம். ஆனால் பதில் தெரியாமல் விழித்தவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

முதலில் கிரேஸ் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், லேபிள் என்று எல்லாம் செய்து கொடுப்பார். என் கையெழுத்தைப் பார்த்துப் பத்திரிகை ஆசிரியர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டதால், சில மாதங்களாக இந்தப் பத்தியை அவரிடம்தான் டைப் அடிக்கக் கொடுக்கிறேன். நீங்கள் பிழையில்லாமல் படித்தால் அது அவர் புண்ணியம். பிழை இருந்தால்... அது நான்.

அடுத்து, பெட்டி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. பெயர் வேண்டாம்—முதலாளி எனக்கு வேண்டியவர், இனியும் அப்படியே இருக்க ஆசைப்படுகிறேன். அவர்கள் பெட்டியில் இரண்டு மூன்று வருஷமாக ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்க நிற முடி, நீலக் கண். கம்ப்யூட்டருக்கென்று விற்கிறார்களே, ஆயிரக்கணக்கான ரெடிமேட் படங்கள் உள்ள சி.டி.—அதிலிருந்து எடுத்த நர்ஸ்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போன முதலாளிக்கு அதிர்ச்சி. எதிர் ஸ்டாலில் பஞ்சு விற்கிறவர் பெட்டியிலும் அதே நர்ஸ்! பக்கத்து ஸ்டால் தலைவலித் தைலத்திலும் அவளேதான். யாருக்குத்தான் கோபம் வராது? ஊர் திரும்பியதும் கிரேஸைக் கூப்பிட்டுவிட்டார்.

"நம்ம ஊரு முகமா ஒண்ணு போடும்மா. வேற யாருகிட்டயும் இருக்கக் கூடாது."

சொல்வது சுலபம். அந்த சி.டி.யை நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். டாக்டர், டீச்சர், மணப்பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்... எல்லாரும் வெள்ளைக்காரர்கள். இந்தியா என்று தேடினால் ஒரு யானை, ஒரு தாஜ்மகால், தலைப்பாகை கட்டிய ஒரு பாம்பாட்டி. அவ்வளவுதான் நாம். ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினால் நாலு சீட்டுக்கு ஒரு முகவெட்டு பார்க்கலாம். அதில் ஒன்றுகூட உலகத்துக்குத் தெரியவில்லை.

தோல் நிறம் என்றே ஒரு நிறத்தைத் தயாராக வைத்திருந்தது அந்த சாஃப்ட்வேர். வேகவைத்த இறாலின் நிறம்! கிரேஸ் முதலில் குறுக்கு வழியைத்தான் பார்த்தார். பழைய நர்ஸின் முகத்தில் மாநிறத்தை ஊற்றினார். நீலக் கண்ணும் கூர்மூக்கும் அப்படியே இருக்க, தோல் மட்டும் கறுத்தது. செத்து ஒரு நாள் ஆன உடம்பு மாதிரி இருந்தது. சிரிப்பு வேறு மாறாமல் இருந்தது.

"வேண்டாம் சார், பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று அவரே அழித்துவிட்டார்.

அப்புறம் கம்பெனிக்கே போனார். கட்டிங் செக்ஷன் பெண்கள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே முகங்களைப் பார்த்தார். ஒருத்தியின் தாடை, ஒருத்தியின் நெற்றி, இன்னொருத்தி சிரித்தால் விழுகிற கன்னக்குழி. திரும்பி வந்து மவுஸைப் பிடித்துக் கோடு கோடாக இழுத்தார். சிவகாசியில் அச்சடித்த முதல் புரூஃபில் அவள் கத்தரிக்காய் நிறத்தில் வந்தாள். அடுத்ததில் செங்கல் நிறம். கிரேஸ் விடவில்லை. கடைசியில் வந்தாள் பாருங்கள், சந்தையில் எதிரே வருகிற பெண் மாதிரி!

பிரச்சினை அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கத்தில் புது முகம் ஒன்றைப் பார்த்ததும் மனசு முதலில் கேட்கிற கேள்வி எது தெரியுமா? அழகா, இல்லையா என்பது அல்ல. 'என்ன ஆளுக?' அதாவது, என்ன சாதி. முதலாளி அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். மானிட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மூக்குத்திய எடும்மா. இந்தப் பக்கம் குத்துனா அவங்க ஆளும்பான். ரெண்டு பக்கமும் குத்துனா இவங்க ஆளும்பான்."

எடுத்தார்.

"கம்மலும் வேண்டாம். பொட்டு வச்சா, சர்ச்சுக்குப் போற பிள்ளைக அப்ப நாங்க யாருன்னு கேக்கும். அதையும் எடுத்துரு."

"பூவாச்சும் இருக்கட்டுமே சார்?"

"பூ மட்டும் என்னத்துக்கு?"

ஆக, எந்த ஆளும் இல்லாத, எல்லாருக்கும் பொதுவான ஒரு முகம் தயாராகிவிட்டது. வெறும் நெற்றி, வெறும் காது, வெறும் கழுத்து. பெட்டி அச்சாகித் தமிழ்நாடு முழுக்க மருந்துக் கடைகளுக்குப் போனது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

இப்போது அந்தப் பெரியவருக்கு வருகிறேன். பெயர் குருசாமி. தளவாய்புரத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வயதானாலும் முதுகு வளையவில்லை. பெட்டியில் இருந்த விலாசத்தைப் பார்த்து ராஜபாளையம் கம்பெனிக்குப் போயிருக்கிறார். அவர்கள் கிரேஸின் சென்டரைக் கைகாட்டிவிட்டார்கள்.

"எம் பொண்ணு. பேரு பேச்சியம்மா" என்றார். "வீட்ட விட்டுப் போயி ஏழெட்டு வருசமாச்சு. ஒரு பையனப் பிடிச்சுப்போயி அவன் கூடப் போயிட்டா. அவிய வேற ஆளுக. நாங்க தலைமுழுகிட்டோம்."

கிரேஸ் பதமாகத்தான் சொன்னார். "ஐயா, இது போட்டோ இல்ல. நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம்."

"சரி தாயி. யாரப் பாத்து வரைஞ்சீய?"

"யாரையும் பாத்து..." என்று ஆரம்பித்துவிட்டு கிரேஸ் நிறுத்திக்கொண்டார். பார்த்துத்தானே வரைந்தார்? எத்தனை பேரைப் பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

நான் சும்மா இருப்பேனா? மூக்கை நுழைத்தேன். "பிள்ளையோட போட்டோ ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா? ஒப்பிட்டுப் பாத்துரலாமே."

"ஒண்ணும் இல்ல சார். அவ போன அன்னைக்கே எல்லாத்தையும் நானே அடுப்புல போட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல எடுத்தது, வீட்ல எடுத்தது, எல்லாத்தையும்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. போன மாசம் காலில் மண்வெட்டி பட்டுவிட்டதாம். கட்டுத்துணி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இந்தப் பெட்டியை எடுத்து வைத்திருக்கிறார்.

"வீட்டுக்குக் கொண்டு போனேன். அவ அம்மா பாத்துட்டு ஒரே அழுகை. பொட்டு இல்ல, தோடு இல்ல, கழுத்துல ஒண்ணும் இல்ல. புருசன் செத்துட்டானா, கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாளா, இல்ல இவளே... என்னன்னு கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டா. எதுவா இருந்தாலும் சரி சார். உசிரோட இருக்காளா? அது தெரிஞ்சாப் போதும்."

யாரையும் நோகடிக்கக் கூடாது என்றுதானே ஒவ்வொன்றாகக் கழற்றினோம்? அது தளவாய்புரத்தில் ஒரு தாய்க்குச் சாவுச் செய்தி மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெரியவர் நகத்தால் பெட்டியைச் சுட்டினார். "இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சின்னப் பிள்ளையில கல்லு மேல விழுந்தது. இந்தா, இருக்கு பாருங்க."

கிரேஸ் ஃபைலைத் திறந்து அந்தப் புருவத்தைப் பெரிதாக்கினார். ஸ்கிரீன் முழுக்க ஒரே புருவம். நடுவில் ஒரு கோடு மாதிரி இடைவெளி. வலது பக்கத்துக்குப் போனார். அங்கே இல்லை.

கிரேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், நான் ஒரு புருவந்தான் வரைஞ்சேன். அதையே காப்பி எடுத்துத் திருப்பி வச்சேன். ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கணும்?"

பட்டப்பகல்தான். கீழே கண்டக்டர் "ராஜபாளையம், ராஜபாளையம்" என்று கூவிக்கொண்டிருந்தார். இருந்தும் எனக்குக் கை ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "மவுஸ் இழுத்திருக்கும்மா" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

கிரேஸ் பயந்துபோனார். அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தார் என்று நினைக்கிறேன். "ஐயா, இங்க பாருங்க, இது வெறும் படம்" என்று சொல்லிக்கொண்டே முகத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தில் ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. முடியை இழுத்து ஓரத்தில் வைத்தார். ஒரு கண்ணை இழுத்தார். இன்னொன்றையும் இழுத்தார். மூக்கு போனது, உதடு போனது. நடுவில் மாநிறத்தில் ஒரு முட்டை வடிவம் மட்டும் மிஞ்சியது. ஓரத்தில் கிடந்த இரண்டு கண்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. வச்சிரு. மறுபடியும் வச்சிரு."

செய்ததைத் திருப்புகிற வசதி ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. கிரேஸ் அதைத் தட்டத் தட்ட உதடு வந்தது, மூக்கு வந்தது, கண்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. முடியும் வந்ததும் பெரியவர் மூச்சு விட்டார். நானும்தான்.

பிறகு அவர் கேட்டார். "ஒரு பொட்டு வைக்க முடியுமா?"

கிரேஸ் வைத்தார். "கொஞ்சம் சின்னதா. கொஞ்சம் மேல." சரி செய்தார். மூக்குத்தி எந்தப் பக்கம், கம்மல் எம்புட்டு பெரிசு, எல்லாம் அவரே சொன்னார். கடைசியில் கனகாம்பரம். ஸ்கிரீனில் இருந்த பொது முகம் போய்விட்டது. இப்போது அங்கே இருந்தது தளவாய்புரம் பேச்சியம்மா, குருசாமி மகள். அவள் நிஜமாகவே இப்படித்தான் இருந்தாளா, அல்லது பெட்டிப் படத்தைப் பார்த்துப் பார்த்து அவர் ஞாபகமே இந்த முகமாகிவிட்டதா... எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

கிரேஸ் ஒரு கலர் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். அவர் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரே ஒரு உதவி செய்யணும் தாயி. பெட்டியில இவள எடுத்துராதீய. எல்லா ஊருக் கடைக்கும் போகுதுல்லா? எங்கேயாச்சும் ஒரு கடையில அவ பாப்பா. இந்தப் பொட்டோட போட்டா, அப்பனுக்குக் கோவம் போயிருச்சுன்னு தெரிஞ்சுக்கிடுவா. வந்துருவா."

"நான் முதலாளிகிட்ட கேக்கேன் ஐயா" என்றார் கிரேஸ். பெரியவர் போன பிறகு கிரேஸ் அந்த முகத்தை மறுபடி ஸ்கிரீனில் பெரிதாக்கினார். மெதுவாக, "நான் தினம் ராஜபாளையத்துல இருந்து பஸ்லதான் வாரேன் சார். எத்தனை முகத்தப் பாக்கேன். எங்கேயோ நெசமாவே அவளப் பாத்திருப்பேனோ?" என்றார்.

வெள்ளிக்கிழமை முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். கிரேஸ் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூடவே மன்றாடினேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"பாவந்தான் சார். எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு. ஆனா இன்னைக்கு இவர் வந்தார். நாளைக்கு இன்னொருத்தர் எம் பொண்டாட்டிம்பார். அடுத்தாப்புல போலீசு வரும். நான் பேண்டேஜ் விக்கணுமா, காணாமப் போனவங்கள விக்கணுமா?"

கிரேஸ் பக்கம் திரும்பினார்.

"பழைய வெள்ளைக்காரியவே போட்டுரும்மா. அவளத் தேடிக்கிட்டு எவனும் வரமாட்டான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம். நம்ம ஊர் முகம் என்றால், அதற்கு நம்ம ஊரில் ஒரு அப்பா இருப்பார். சி.டி.யில் வருகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமையே பழைய நர்ஸோடு சிவகாசிக்கு ஃப்ளாப்பி போய்விட்டது. தளவாய்புரத்தில் குருசாமிக்கு இன்னும் தெரியாது.

இந்த வாரம் இந்தப் பத்திக்குப் படம் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். எங்கள் பத்திரிகை ஓவியர் யாரை வரைந்தாலும் சிவப்பாகத்தான் வரைவார்.

பேச்சியம்மா, இதை எங்கேயாவது படித்தால் அப்பாவுக்கு ஒரு கார்டு போடம்மா... மருந்துக் கடையில் இனிமேல் நீ இருக்க மாட்டாய்.