தங்கச்சிக்கு யார் டிப்ஸ் வைப்பார்கள்?

ராஜகுமாரி சப்பாத்திக் கல்லை விட்டு மேசைப் பக்கம் வந்ததிலிருந்து டிப்ஸ் டப்பா இளைத்துக்கொண்டே வந்தது. இதை முதலில் சொன்னவன் பக்கத்து மேசைகளைப் பார்க்கும் சப்ளையர் பச்சையப்பன். பிறகு எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது அந்தச் சைவ ஓட்டல். சாப்பிட்டவர்கள் பில் அட்டைக்குள் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸை எந்தச் சப்ளையரும் தன் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டிபனுக்கும் நடுவே கடை ஓய்ந்திருக்கும்போது, சூப்பர்வைசர் கிருபாகரன் அதைத் திறந்து எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார். பாத்திரம் கழுவும் பஞ்சவர்ணத்துக்கும் பங்கு உண்டு.

ராஜகுமாரி நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருபவள். வருஷக்கணக்கில் சப்பாத்தி சுட்டதில் அனல் பட்டுப் பட்டுக் கண்ணில் எரிச்சல் நிற்காமல் போயிற்று. இனி அடுப்பு முன்னால் நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருபாகரனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவை அந்தச் சன்னலோரத்து மேசைகள். அவை போனால் மறுபடி கல்தான்.

அவளுடைய வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. "சாம்பார் போதுமாண்ணா? வத்தக்குழம்பு நல்லா இருக்குது, கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவாள். பச்சையப்பனின் மேசை காலியாக இருந்தாலும் சிலர் அவள் மேசைக்காகக் காத்து நிற்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, சொல்லிக்கொண்டும் போவார்கள். அட்டையைத் திறந்தால் சோம்பு மட்டும் இருக்கும். நன்றாகக் கவனித்தால் கொடுப்பார்கள் என்றல்லவா எல்லோரும் சொன்னார்கள்? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இப்போல்லாம் போன்ல கட்றாங்க. சில்லறை ஏது?" என்றாள் பச்சையப்பனிடம்.

"என் டேபிள்ல மட்டும் மரத்துல காய்க்குதா?" என்று சிரித்தான் அவன். "யக்கா, மேட்டர் அது இல்ல. நீ வர்றவன் போறவனையெல்லாம் அண்ணா அண்ணான்ற. தங்கச்சிக்கு எவனாச்சும் டிப்ஸ் வெப்பானா? நான் இன்னா சொல்றேன்? சார். சார்னு சொன்னா அவனுக்கே கை பாக்கெட்டுக்குப் போவும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கிருபாகரன் அன்று மாலையே கூப்பிட்டார்.

"உன் சர்வீஸ்ல கொற இல்லம்மா. பசங்க மொணங்குறானுங்க. இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். டப்பா இப்படியே இருந்தா உன்னைத் திரும்பக் கல்லுக்குத்தான் அனுப்பணும்."

மறுநாள் அவள் எல்லோரையும் சார் என்று கூப்பிட்டாள். நாக்கு ஒவ்வொரு தடவையும் தடுக்கியது. ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லட்சுமணன் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், அவளுடைய பழைய வாடிக்கை.

"சார், மீல்ஸா சார்?"

லட்சுமணன் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, எம் மேல எதுவும் வருத்தமா?"

"அதெல்லாம் இல்ல சார்."

அவர் ரசத்தோடு எழுந்துவிட்டார். அட்டையைத் திறந்தாள். முதல் தடவையாக அதில் ஒரு நோட்டு இருந்தது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஏனோ அவளுக்குப் பேச்சு முறிந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் அவர் நேராகப் போய்ப் பச்சையப்பனின் மேசையில் உட்கார்ந்தார்.

இனி யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் வர்ஷா தினமும் வருகிற பெண், காரைக்குடிக்காரி. அவளிடம் ராஜகுமாரி மெல்லக் கேட்டாள்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. அந்தாண்ட உக்காந்தா பச்சையப்பனுக்கு வெக்கிற. எனக்கு ஏன் வெக்கிறதில்ல?"

வர்ஷாவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ அக்கா! உங்களுக்கு வெச்சா நீங்க தப்பா எடுத்துப்பீங்களோன்னுதான். எங்கம்மா வயசு உங்களுக்கு. கேக்காமலே அப்பளம் கொண்டுவந்து வைக்கிறீங்க. அதுக்குப் போய்ச் சில்லறை வெச்சா அசிங்கமா இருக்காதா? அதனாலதான் ஊர்லேருந்து வர்றப்பல்லாம் உங்களுக்குச் சீப்புச் சீடை கொண்டுவர்றேன்."

அப்போதுதான் ராஜகுமாரிக்கு உறைத்தது. வர்ஷாவின் சீடை. லட்சுமணன் குற்றாலம் போய்வந்தபோது கொடுத்த ரம்புட்டான் பழம். பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி, ராஜகுமாரியின் மகள் நிஷாவுக்குக் கொடுத்த சுடிதார். எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் போயின. அவற்றை அவள் டிப்ஸ் என்று நினைத்ததே இல்லை. நினைத்திருந்தாலும் ரம்புட்டானை எந்த டப்பாவில் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறக்கும் முன் அவளே இதைச் சொல்லிவிட்டாள். சொன்னது வினையாயிற்று.

"பாத்தியாண்ணே!" என்று பச்சையப்பன் துள்ளினான். "நாங்க நோட்டைக் கொண்டாந்து பொதுவுல போடுறோம். யக்கா பழமும் துணியும் ஊட்டுக்குத் தூக்கினு போவுது. இது இன்னா நியாயம்?"

நியாயம்தானோ என்று அவளுக்கும் தோன்றியது. நியாயம் இல்லை என்றும் தோன்றியது. கண் எரிச்சலை நினைத்துக்கொண்டு, யோசிக்காமல் சொன்னாள்: "எனக்கு டப்பாவுல பங்கே வாணாம். டேபிள் மட்டும் குடுங்க, போதும்."

பச்சையப்பன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகம் மாறிவிட்டது. "பங்கு வாணாமா? அப்போ பழத்துலதான் லாபம் ஜாஸ்தின்னு தெரிஞ்சுகினு சொல்றியா? அப்டின்னா எனக்கும் பொதுவு வாணாம்ணே. என் டேபிள் காசு எனக்கு."

"அப்போ எனக்கு?" என்றாள் பஞ்சவர்ணம். ஈரக் கையோடு பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எந்த டேபிளுப்பா? தொட்டிக்குள்ள வந்து யாராச்சும் காசு வெப்பாங்களா? இன்னொண்ணும் சொல்றேன். இவ கேட்டுக் கேட்டுப் போட்றதால தட்டுல மிச்சமே வர்றதில்ல. எனக்குப் பாதி வேல கம்மி. அதை எந்த டப்பாவுல போட்றது? நீயே சொல்லு."

கிருபாகரன் தலையைச் சொறிந்தார். மூடியைப் பாதி திறந்தார், மறுபடி மூடினார். ராஜகுமாரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளாளுக்குக் கழண்டுகினா கடையை எவன் நடத்துறது?" என்று கடைசியில் எரிந்து விழுந்தார். "டப்பா பொதுவுதான். எல்லாருக்கும் பங்கு உண்டு. ராஜகுமாரி டேபிள்லயே இருக்கட்டும். தட்டு காலியா வர்றது மொதலாளிக்கும் நல்லதுதான். இனிமே இந்தப் பேச்சை எவனாச்சும் எடுத்தீங்க, அவனைக் கல்லு முன்னாடி நிறுத்திடுவேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. எதனால் கிடைத்தது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. டிப்ஸால் இல்லை, நியாயத்தால் இல்லை. பஞ்சவர்ணத்துக்குப் பாத்திரம் கழுவும் வேலை குறைந்ததால் என்றால், அதை வெளியில் சொல்லவும் முடியாது.

டிபனுக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. வாசலில் லட்சுமணன் செருப்பைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எந்தப் பக்கம் உட்காருவது என்று நின்று பார்த்தார்.

ராஜகுமாரி பச்சையப்பனின் தோளைத் தொட்டாள். "டேய், இப்போ நான் இவரை இன்னான்னு கூப்பிடட்டும்?"

"எனக்கு இன்னா யக்கா தெரியும்?" என்றான் அவன். அவன் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் ஏக்கம்தான் இருந்தது. "எனக்கு எவனும் ரம்புட்டான் குடுத்தது இல்ல."