காலிப் பணியிடம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. சந்தேகம் இருந்தால் போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப் ஏறுங்கள். சுகன்யா இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆய்வு மையத்தில் ஆராய்ச்சி உதவியாளர் பணியிடம் காலி என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தாள், கிடைத்தது. ஆனால் உலர்த்தும் சோதனை சரியாக வந்தால்தான் வேலை நீடிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சோதனைதான் தினமும் கெட்டது. ஸ்டோரில் சூடு தங்கவில்லை.

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் ஓடும். காயிலிருந்து ஈரம் ஆவியாகக் கிளம்பும்போது மேல்ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, மறுபடி மூடிக் கொக்கி போட வேண்டும். அதன்பிறகு அது திறக்கவே கூடாது. ஜன்னல் கொக்கி உள்பக்கம். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

சுகன்யா கொக்கி போட்டுவிட்டு வந்துதான் கதவைத் தாழிடுவாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால்... மேல்ஜன்னல் திறந்திருக்கும்.

காற்றா? அந்த ஜன்னல் வெளிப்பக்கமாகத் திறப்பது. காற்று தள்ளினால் மூடும், திறக்காது.

"யக்கா, யாராச்சும் உள்ள போனாகளா?"

அடுப்பெரிக்கும் சுருளியம்மாள் சிரித்தாள். "நான் வாசல்லயேதான குத்தவச்சிருக்கேன்? போனா தெரியாதா ஆத்தா? வெந்து சாகவா போவாக..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கொக்கியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள் சுகன்யா. பகல்தான். வெளியே மூடுபனி. கதவைத் தாழிட்டு, அதில் காதை வைத்து நின்றாள்.

சர்ர்... சர்ர்...

காய்த்தட்டுகளின் மேல் எதுவோ ஏறியது.

பிறகு... டக்.

கொக்கி.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. கம்பி பிரிந்து கீழே கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நடுவில் ஐந்து விரல் தடங்கள்.

உள்பக்கம்.

ஓடி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். சுருளியம்மாள் அவளையே பார்த்தாள்.

"நீ லீவுல போன ஞாயித்துக்கெழம நாந்தான சாத்துனேன். அன்னிக்குச் சூடு எறங்குச்சா?"

"இல்லக்கா."

"நீ கூப்பிட்டுத்தான சாத்துற?"

"யார?"

"உள்ள இருக்கற ஆளத்தான். இந்த மலையில எந்த ஸ்டோரையும் குரல் குடுக்காம சாத்த மாட்டோம்."

"நாந்தான் பாத்துட்டு வர்றேனே. காலி ரூமுல யாரக் கூப்பிட?"

"முன்ன ஒருநா குரல் குடுக்காம, காலின்னுதான் சாத்துனாக." சுருளியம்மாளின் குரல் இறங்கியது. "பிரபுத் தம்பி தட்டுக்குப் பின்னாடி குனிஞ்சிருந்திருக்கு. கொழாயில ஓட்ட. ஒரே பொகை. தட்டு மேல ஏறி, கொக்கி வரைக்கும் போயிருக்கு. கொக்கிய எடுக்க முடியல."

சுகன்யா ஸ்டோர்க் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்கு முன்னாடி அதுதான் இந்த வேலை பாத்துச்சு. எப்புடிக் காலியாச்சுன்னு வெளம்பரத்துல போட மாட்டாகல்ல?"

இப்போது சுகன்யா செய்வது இதுதான். கொக்கியைப் போடுவாள். வெளியே வந்து, "அண்ணே, சாத்தப் போறேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். ஓர் ஆள் எழுந்து, தட்டுகளைத் தாண்டி நடந்து வரும் அளவுக்குக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள். அப்புறம்தான் தாழிடுவாள்.

சூடு இறங்குவதில்லை.