அந்த ஆள் வெளியே போனானா?

காலையில் வேலைக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் ஒரு நாவல் படித்துக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருக்கும் ஓர் அறைக்குள் ஒருவன் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் அவனை ‘நீ’ என்றே அழைக்கிறார்.

பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டெல்லா அக்கா எட்டிப் படித்தார். ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். எட்டு வருடமாக எனக்கு வண்டித் துணை.

“‘நீ எழுந்து போகலாம், ஆனால் போகமாட்டாய்’னு கீதே. யாரைச் சொல்றாங்க?”

“படிக்கிறவங்களைத்தான் அக்கா.”

அக்கா கைப்பையைத் தொட்டுக் காட்டினார். “ரிசைன் லெட்டரு மூணு மாசமா இதுலதான் கீது. நம்ம ஊர்லயே டியூஷன் எடுக்கலாம்னு. இன்னிக்கு குடுத்துடறேன்.”

மதியம் நாவலை முடித்தேன். அவன் கடைசிவரை எழுந்திருக்கவேயில்லை.

சாயங்கால வண்டியில் நிற்கக்கூட இடமில்லை. அக்கா என் தோளோடு நசுங்கி நின்றார்.

“குடுத்தீங்களா?”

“இல்ல. அந்த ஆளு வெளிய போனானா?”

“இன்னும் முடிக்கலக்கா” என்று பொய் சொன்னேன்.

“சரி, முடிச்சிட்டு நாளைக்குச் சொல்லு. அதுக்கப்புறம் குடுத்துக்கிறேன்.”

நாளைக் காலையும் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். எழுதியவர் தப்பித்துக்கொண்டார், படித்த நான் மாட்டிக்கொண்டேன். அக்காவிடம் என்ன சொல்லட்டும்?