டீச்சர் அழகுபடுத்திய படிவம்

தலத்தெரு திரிபுரசுந்தரி ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடம் பிரெஞ்சு டீச்சராக இருந்தாள். ஒரு ஜூன் மாதம் பள்ளிக்காரர்கள் பிரெஞ்சை எடுத்துவிட்டு கோடிங் வகுப்பைக் கொண்டுவந்தார்கள். "நீங்களே கோடிங் எடுக்கிறீங்களா மேடம்?" என்று தலைமையாசிரியர் மரியாதைக்குக் கேட்டார். "எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்து வராது சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த வருடத்தில் தான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று இப்போதெல்லாம் அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

வீட்டு ஹாலிலேயே பிரெஞ்சு வகுப்பு தொடங்குவது என்று முடிவாயிற்று. நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் போதுமே என்றார் கணவர் சிவராமன். நெரவியில் விவசாய அலுவலகத்தில் வேலை அவருக்கு. எதையும் சுருக்கமாக முடிக்கிற ஆள். திரிபுரசுந்தரி கேட்கவில்லை. இணையதளம்தான் வேண்டும் என்றாள். வீடியோ பார்த்துப் பார்த்து, இலவசமாகத் தளம் கட்டித்தரும் ஒரு செயலியில் மூன்றே நாளில் தளத்தை எழுப்பியும் விட்டாள். சேர விரும்புகிறவர்கள் பெயர், போன் நம்பர், எதற்காகப் படிக்கிறீர்கள் என்ற விவரம், இவற்றை எழுதி அனுப்ப ஒரு படிவமும் வைத்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படிவம் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி இருப்பதாகப் பட்டது அவளுக்கு. அழகை மாற்ற, 'கஸ்டம் சிஎஸ்எஸ்' என்று ஒரு காலிப் பெட்டி இருந்தது. நிறம், ஓரம், எழுத்து எல்லாவற்றுக்கும் அதில் நாமே உத்தரவு எழுதலாம். பதினொரு நாள் அந்தப் பெட்டிக்குள் குடியிருந்தாள். மூலைகளை வளைத்தாள், நிழல் விழவைத்தாள். பொத்தானுக்குக் கடல் நீலம், எழுத்துக்கு வெள்ளை. அனுப்பியதும் ஒரு பச்சை டிக் சுழன்று வந்து, 'நன்றி! விரைவில் அழைக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். சொன்னது. குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது.

லிங்கைத் தெரிந்த வாட்சாப் குழுக்களிலெல்லாம் போட்டாள். ஒரு மாதம் போயிற்று. மெயிலில் ஒரு விண்ணப்பமும் வரவில்லை.

"இந்த ஊருக்கு பிரெஞ்சு வேணாங்க. பாதி வீட்ல பிரான்சுல ஆள் இருக்கு, ஒருத்தருக்காவது படிக்கணும்னு தோணுதா பாருங்க" என்று கணவரிடம் புலம்பினாள்.

"நோட்டீஸ் அடிப்பமா?" என்றார் அவர்.

அவள் உள்ளே போய்ப் பொத்தானை இன்னும் கொஞ்சம் வளைத்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். பெயர் கமர் நிஷா என்றார்.

"பிரெஞ்சு டீச்சர் நீங்கதானே? உங்களுக்கு அஞ்சு வாட்டி அனுப்புனேன். ஒரு பதிலும் இல்லையே, என்ன தப்புன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

"எனக்கு எதுவும் வரலையேம்மா!"

"வரலையா? பச்சை டிக்கெல்லாம் சுத்திக்கிட்டு வந்துச்சே. அழைக்கிறோம்னு போட்டிருந்துச்சே."

திரிபுரசுந்தரி அவரை உட்காரவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். தளத்தின் உள்பக்கத்தில், இடதுபுறம், 'உள்ளீடுகள்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். அதை அவள் தினமும்தான் பார்த்திருந்தாள். காசு கட்டச் சொல்லித் தொந்தரவு செய்கிற விளம்பரம் என்று நினைத்துத் தொடாமலே விட்டிருந்தாள். இப்போது தொட்டாள். முப்பத்தொரு விண்ணப்பங்கள் வரிசையாக இறங்கின. மெயில் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்ற இடத்தில், செயலிக்காரன் மாதிரிக்கு வைத்த முகவரி அப்படியே இருந்தது. கேள்வித்தாளை முழுசாகப் படிக்காத பிள்ளைகளைப் பதினான்கு வருடம் பெஞ்சு மேல் ஏற்றியவள் அவள். தன்னை எதன்மேல் ஏற்றுவது என்று தெரியவில்லை.

கமர் நிஷாவின் ஐந்தும் இருந்தன. முதலாவது: 'பிரெஞ்சு படிக்கணும்.' இரண்டாவது: 'வயசு ஒரு தடையா?' மூன்றாவது: 'பேறனுக்கு பிறெஞ்சு மட்டும் தான் வருது. போன்ல சிரிச்சுட்டு வச்சிடுறான்.' நான்காவது மூன்றாவதே, வேறு பிழைகளோடு. ஐந்தாவது: 'எடம் இல்லேன்னா ஒரு வாத்தை சொல்லலாம். கோவம் இல்ல.'

படித்து முடித்தவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, "கொஞ்சம் பிழை இருக்கும்மா" என்றாள். டீச்சர் புத்தி.

"இருக்காதா? நாம எழுதுறது நமக்கே தெரிஞ்சாத்தானே?" என்று கமர் நிஷா தன் போனில் படிவத்தைத் திறந்து தட்டிக் காட்டினார். வெள்ளைக் கட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பொத்தானின் எழுத்துக்கு என்று எழுதிய வெள்ளை, எல்லாக் கட்டத்துக்குள்ளும் புகுந்திருந்தது. தலைவலிக்குப் பயந்து திரிபுரசுந்தரி தன் போனையும் லேப்டாப்பையும் கறுப்புத் திரையில் வைத்திருந்தாள். அதில் கட்டமும் கறுப்பாகிவிட, வெள்ளை எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஊரே கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதி அனுப்பியிருக்கிறது. பூவத்திலிருந்து கீர்த்திகா என்கிற பெண், 'மேடம், இது பரீட்சையா?' என்றே கேட்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா. தப்பு பூரா என்னுதுதான்."

"அட விடுங்க. எப்ப வரட்டும், அதைச் சொல்லுங்க."

அன்று மத்தியானமே அந்தப் பெட்டியில் எழுதியதை ஒரு வரி விடாமல் அழித்தாள். படிவம் பழையபடி ரேஷன் கார்டு விண்ணப்பமாயிற்று. முகவரியில் தன் மெயிலைப் போட்டு, தானே ஒன்று அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள். பிறகு ஒவ்வொருவரையும் போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். நாலு நம்பரில் ஒரு இலக்கம் குறைந்தது. சிலர் புதுச்சேரியில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஒருவர், "டீச்சர் ரொம்ப பிசின்னு நெனச்சோம்" என்றார். கடைசியில் பதினோரு பேர் வந்தார்கள். ஹாலில் சோபாவை ஓரங்கட்ட வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் வகுப்பு நடுவில் கமர் நிஷாவின் போனில் பேரன் வந்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்திருந்த இரண்டு வாக்கியங்களைத் தப்பில்லாமல் பேசினார். மறுமுனையில் ஒரு கூச்சல். அப்புறம் பையன் மடமடவென்று ஒரு நிமிடம் கொட்டினான். கமர் நிஷா போனை டீச்சரிடம் நீட்டினார். மற்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரிபுரசுந்தரி காதில் வைத்துக் கேட்டாள். அவளுக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"என்ன சொல்றான் டீச்சர்?"

"மெதுவாச் சொல்லச் சொல்லுங்கம்மா" என்றாள் திரிபுரசுந்தரி. "எனக்கும் சேத்து."